‘பாத்து’ என்ற சொல்லின் பயனின்மை

‘பாத்து’ என்கிற சொல் மனித வரலாற்றில் இன்றுவரை ஒரே ஒரு விபத்தைக்கூடத் தடுத்ததில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி கேன்டீனுக்கு இறங்கும் படிக்கட்டில் ஒரு படி உடைந்திருக்கிறது. ஒரு செமஸ்டர் முழுக்க அதன் எதிரே உட்கார்ந்து, ‘பாத்து’ என்று எச்சரிக்கப்பட்டு விழுந்தவர்கள், எச்சரிக்கப்படாமலே விழுந்தவர்கள் என்று இரண்டு பிரிவாகக் குறித்துவந்தேன். இரு பிரிவினரும் ஒரே அழகில்தான் விழுந்தார்கள். எச்சரிக்கப்பட்டவர்கள் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே விழுந்ததால் கூடுதலாகச் சாம்பாரும் கொட்டியது. முடிவுகளைத் துறையின் சுவர் இதழில், இந்தக் கதைக்கு வைத்திருக்கும் அதே தலைப்பில் வெளியிட்டேன். படித்துவிட்டு முதல்வர் என்னை அழைத்தார். படியைச் சரிசெய்வது பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சாம்பாருக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார்.

என் பெயர் இசக்கிமுத்து. பாளையங்கோட்டை. இந்த ஆய்வுக்குத் தூண்டுதல் என் அக்கா உலகம்மாள். விழுந்து எலும்பு முறிந்தவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். தமிழ்நாட்டிலேயே அந்தச் சொல்லை அதிகம் செலவழிப்பவள் அவள்தான். தோசையைத் திருப்பும்போது தோசைக்கும், டிவியில் கேட்ச் பிடிக்க ஓடுகிறவனுக்கும் சொல்வாள். எங்கள் தெருவுக்கு டிரைவர் இல்லாத பஸ் வந்த புதிதில், என்னை ஏற்றிவிட்டுப் பஸ்ஸின் முதுகில் தட்டி, “பாத்துப் போப்பா” என்றாள்.

“ஏக்கா, அதுல டிரைவரே கிடையாது. யாருகிட்ட சொல்லுத?”

“பஸ்ஸுகிட்டதாம்ல. அது மட்டும் பாக்காமப் போலாமா?”

அம்மா இருந்தவரை அந்தச் சொல் அம்மாவிடம் இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அம்மா போனாள். பீரோ சாவிக்கொத்தோடு சேர்ந்து அது அக்காவிடம் வந்தது.

அக்காவுக்கு ஒரு மகள். கோமதி, எங்களுக்குக் கோமு. அக்காவுக்கு ஒரு கணவரும் இருந்தார். பெயர் நம்பிராஜன். நம்பியது நாங்கள். விவாகரத்தில் கோர்ட், குழந்தை தாயிடம் இருக்கட்டும், விடுமுறைக்குத் தகப்பன் அழைத்துப் போகலாம் என்றது. கோமுவுக்கு நாலு வயதில் நம்பி அத்தான் வெளிநாட்டிலிருந்து வந்து அவளைக் கோடை விடுமுறைக்கு அழைத்துப் போனார். அந்த விடுமுறை மூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் வக்கீல் தடை போட்டிருக்கிறார். குளிர் அதிகம், மாடுகள் அழகு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வக்கீல் ஜொகரா மேடத்தின் அலுவலகம் மேலப்பாளையத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. எல்லா மனுக்களிலும் லேசாக பன் வாசனை அடிக்கும். புதிதாக வந்திருந்த சோதனையைப் பற்றி அங்கேதான் முதலில் கேட்டோம்.

“பிள்ளையக் கூப்பிட்டு யாருகூட இருக்கேன்னு கேக்கறத நிறுத்தியாச்சு, உலகு” என்றார் ஜொகரா. “யாரு வச்சிருக்காங்களோ அவங்க சொல்லிக்குடுத்ததத்தான் பிள்ளைங்க ஒப்பிக்கும். அதனால ரெண்டு நாடும் சேந்து வேற வழிக்கு ஒத்துக்கிட்டாங்க. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு ஒட்டுவாங்க. மத்த பேச்சு எதையும் அது எடுக்காது. பிள்ளை விழுந்தா, இடிச்சுக்கிட்டா, பயந்தா, யோசிக்கிறதுக்கு முன்னால வாயில வர்ற முதல் சொல்ல மட்டும் எடுத்து வச்சுக்கும்.”

“எடுத்து என்ன செய்வாவ?” என்றாள் அக்கா.

“அது எந்த வீட்டுச் சொல்லுன்னு பாப்பாங்க. எந்த வீட்டுச் சொல்லோ, அதுதான் பிள்ளைக்கு வீடு. மூணு வருஷம் ஆச்சு, பிள்ளை இங்க பழகிருச்சுன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரில்ல, அந்த வாதமெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது.”

“முன்னாள் வீட்டுக்காரர்” என்று நான் திருத்தினேன்.

இதன் அரசுப் பெயர் முதற்சொல் சோதனை. ஊரில் ஐயோ டெஸ்ட் என்றார்கள். அதற்குள் திருநெல்வேலி ஜங்ஷனில் இரண்டு கோச்சிங் சென்டர் முளைத்திருந்தன. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஆசிரியர் திடீரென்று குதிப்பார். குழந்தை எந்தப் பெற்றோர் பணம் கட்டினாரோ அவர் பெயரைச் சொல்லி அலற வேண்டும். நானும் சுவர் இதழில் ஒரு மாதிரி வினாத்தாள் போட்டேன். ‘நாய் துரத்துகிறது. பொருத்தமான உறவுமுறையைச் சொல்லி அலறுக.’

அக்கா சிரிக்கவில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை மேடத்திடம் போனபோது கேட்டாள்.

“அப்போ அவ கீழ விழணுமா, மேடம்?”

ஜொகரா பேனாவை மூடினார். திறந்தார். “விழத்தான் செய்யும், உலகு. ஏழு வயசுப் பிள்ளை.”

கோமுவோடு அக்காவுக்கு வாரம் ஒரு வீடியோ அழைப்புக்கு அனுமதி இருந்தது. அந்நாட்டு அதிகாரி ஒருவர் கூட இருந்து கேட்பார். அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தை வைத்திருந்தார்கள். அக்கா பேசினால் அவள் குரலை அது விழுங்கிவிட்டு, சற்றுப் பொறுத்து அந்த ஊர் பாஷையில் தானே பேசும். கோமு பேசினாலும் அப்படியே. அவளுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது, அல்லது மறந்துபோயிற்று என்று எங்களிடம் சொல்லப்பட்டது. திரையில் அவள் வாய் ஆடும். பிறகு, வானொலிச் செய்தி வாசிக்கும் குரலில் எங்கள் கோமு சொல்வாள்: “வணக்கம் தாயே. எனது பல் வீழ்ந்துவிட்டது.”

“எந்தப் பல்லு மக்ளே, முன்பல்லா? ஈன்னு காட்டு. கூரையில எறிஞ்சியா?”

பொறுத்தோம். கோமு ஈறு தெரியச் சிரித்தாள். மேலே முன்பற்கள் இரண்டும் இல்லை.

“எங்கள் கூரை வெகு உயரமானது, தாயே.”

தன் பிள்ளையின் குரலை அக்கா கேட்டு மூன்று வருடம். பிள்ளையும் அவள் குரலைக் கேட்டு அத்தனை காலம். இயந்திரம் மட்டும் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆவணி மாதம் பொட்டை ஒட்டினார்கள். ஒரு மாதம் இருக்கும் என்றார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. பிள்ளையின் கணக்கில் எத்தனை சொல் சேர்ந்தது என்ற எண்ணிக்கை மட்டும் எங்களுக்குத் தெரியும்படி ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். அது பூஜ்யத்தில் நின்றது. அக்கா குக்கரைப் பார்ப்பாள், போனைப் பார்ப்பாள், மறுபடி குக்கர். கிளினிக்கில் நோயாளியின் முட்டியை மடக்கியபடி போனை எட்டிப் பார்த்ததில் அவர் ‘அம்மா’ என்று அலறியிருக்கிறார். “உங்களது பதிவாயிருக்கும் சார்” என்றாளாம் இவள்.

பூஜ்யத்துக்குக் காரணத்தை ஜொகரா மேடம் கண்டுபிடித்தார். நம்பி அத்தான் வீட்டில் மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சு சுற்றியிருக்கிறார். சைக்கிளைப் பூட்டிவிட்டார். பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். மகள் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் தகப்பனை எந்தச் சட்டமும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அக்கா கோயிலிலிருந்து வந்தாள். அவள் நெற்றியில் குங்குமம் கலைந்திருந்தது.

“என்ன வேண்டுன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல.”

“பிள்ளை விழணும்னுதான?”

“ஏல, வாயக் கழுவு.” பையிலிருந்து தேங்காய் மூடியை எடுத்து மேசையில் வைத்தாள். “எலும்பு முறியாம. ரத்தம் வராம. முட்டியில லேசா. கத்துத அளவுக்கு மட்டும்.”

“பிரிஸ்கிரிப்ஷனா எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்.”

“எல, நா அவளுக்குத் தாயா, இல்ல வேற என்னல நானு?” என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய், கொதிக்கும் பாலிடம் “பாத்து, பாத்து” என்று சொல்வது கேட்டது.

மாதத்தின் கடைசி அழைப்புக்கு முன்னால் ஜொகரா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “பிள்ளை எதையாவது ஏறிக்கிட்டு எறங்கிக்கிட்டு இருந்தா நீ வாயத் தெறக்கப்பிடாது, உலகு. தெரியுதா? நீ சொல்லித் தடுத்துட்டா இருக்கற ஒரு வாய்ப்பும் போயிரும்.” அக்கா தலையாட்டினாள். நான் சாட்சி.

அன்று கோமு, விழுந்த தன் பற்களைக் காட்ட ஆசைப்பட்டாள். ஒரு டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் வைத்திருக்கிறார்களாம். “சற்றுப் பொறுங்கள், தாயே” என்று செய்தி வாசித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நாற்காலியின் ஒரு கால் கம்பள விளிம்பில் நின்றது. அது ஆடியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். சும்மா இரு. இதுதான் அது. நீ கேட்ட முட்டி.

“பாத்து!” என்று கத்தினாள் அக்கா.

எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கோமுவுக்குக் கேட்கவில்லை. இயந்திரம் அதை விழுங்கி மென்றுகொண்டிருந்தது. நாற்காலி சரிந்தது. கோமு தரையில் பக்கவாட்டில் விழுந்தாள், முகம் எங்களைப் பார்த்து. கண் விரிந்தது. வாய் அசைந்தது. என்னமோ சொன்னாள். பிறகுதான், அவள் விழுந்து கிடக்கும்போது, அக்காவின் எச்சரிக்கை மொழிபெயர்க்கப்பட்டு அந்த அறையில் நிதானமாக ஒலித்தது. கோமு சொன்னதற்கு எங்கள் பக்கமும் அது ஒரு வாக்கியத்தை அனுப்பியது: “ஒலி தெளிவாக இல்லை.”

நம்பி அத்தான் ஓடிவந்து அவளைத் தூக்கினார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. பக்கத்தைத் திறந்தோம். எண்ணிக்கை பூஜ்யத்திலேயே இருந்தது.

“ஏல, அவ என்னமோ சொன்னா” என்றாள் அக்கா. “வாய் அசஞ்சுது. நீயும்தான பாத்த?”

பார்த்தேன். பதிவும் வைத்திருந்தேன், அனுமதி இல்லாமல். அதை மெதுவாக ஓட்டினோம். உதடு ஒட்டியது.

“அம்மான்னிருக்கா” என்றாள்.

“அப்பான்னாலும் உதடு ஒட்டும்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். கண்ணாடி முன்னால் போய் நின்றோம். நான் அப்பா என்றேன், அவள் அம்மா என்றாள். பிறகு மாற்றிச் சொன்னோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு மொழியை உருவாக்கும்போது தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே உதட்டைக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வழக்கு வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. மறுபடி மெதுவாக ஓட்டியபோது உதடு இரண்டு தடவை ஒட்டியது. அம்மா என்றாலும் அப்பா என்றாலும் ஒரு தடவைதான் ஒட்ட வேண்டும்.

“அம்மம்மான்னிருப்பா” என்றாள் அக்கா.

“அப்பப்பாவாவும் இருக்கலாம்” என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடையாது.

அறிக்கை புரட்டாசியில் வந்தது. ஜொகரா மேடம் எங்களை உட்காரச் சொல்லாமலே வாசித்தார். எந்தச் சொல்லையும் அறிக்கை குழந்தையின் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு ‘அம்மா’ பதிவாகியிருந்தது. குரலைச் சோதித்ததில் அது நம்பி அத்தானுடையது. கட்டிலில் கால் இடித்திருக்கிறது.

“அடுத்ததுதான் கேளு” என்றார். “அந்த வீட்டுல இன்னொரு பொம்பளை இருக்காளாம்.”

“பொம்பளையா?” என்றாள் அக்கா.

ஜொகரா கண்ணாடியை ஏற்றிவிட்டு, அறிக்கையின் பாஷையை எங்கள் பாஷையில் சொன்னார். பெயர் தெரியாத, வயது வந்த பெண் ஒருவர் அங்கே இருக்கிறார். தமிழ் பேசுகிறார். குழந்தை விழும்போதும் இடித்துக்கொள்ளும்போதும் தவறாமல் உடனிருந்து எச்சரிக்கிறார். விழுவதைத் தடுக்க மட்டும் ஒன்றும் செய்வதில்லை.

“நம்ம ஆளு மாதிரியே இருக்கே” என்றேன்.

“சிரிக்காதப்பா. அந்தப் பக்கம் வக்கீல் என்ன சொல்றான் தெரியுமா? அது உலகுவோட குரலாம். பேசற கருவி எதையோ இவங்க அந்த வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க, சோதனையக் கெடுக்கப் பாத்திருக்காங்கன்னு சொல்றான். போன பிறந்தநாளைக்கு நீ ஒரு பொம்மை அனுப்பினேல்ல? அது வயித்தக் கிழிச்சுப் பாத்திருக்காங்க.”

“என்ன இருந்துச்சாம்?”

“பஞ்சு.” ஜொகரா பெருமூச்சு விட்டார். “ஆனா குரல் இருக்கே. நிரூபணமாச்சுன்னா மனு தள்ளுபடி. வாராவாரம் பேசறதும் சேத்து நிக்கும். அப்புறம் கோமுவப் பாக்கறதே கிடையாது. நீ எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு, உலகு.”

“யம்மா, நா ஒண்ணும் வைக்கல” என்றாள் அக்கா. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போடுங்க. நா கேக்கணும்.”

ஒலித்துண்டுகளைப் போட்டார். ஒவ்வொன்றும் ஒரு தும்மல் நீளம்தான்.

பாத்து. பாத்தும்மா. பாத்து, மெதுவா. பாத்தும்மா.

கீழே பேக்கரியில் தட்டு விழும் ஓசை கேட்டது. அந்த இழுப்பு அவளுடையதுதான். ‘ம்மா’வில் குரல் ஏறி, பாதியில் பயந்து இறங்குவது. எனக்கு அதை எங்கே கேட்டாலும் தெரியும். பஸ்ஸுக்குக்கூடத் தெரியும்.

“எங் கொரல்தான்” என்றாள் மெல்ல. “ஆனா நா அங்க இல்லியே.”

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன் நான்.

போட்டார். மூன்றாம் தடவையும் போடச் சொன்னேன். ‘த்து’ என்ற இடத்தில் காற்று கசிந்தது. பாத்சு. ஒவ்வொரு துண்டிலும் அதே கசிவு. சொல்லுகிற நாக்குக்கு முட்டிக்கொள்ள எதுவோ இல்லை.

“மேடம், உங்களுக்கு வயசு வந்த பொம்பளைக யாருக்காவது ரெண்டு முன்பல்லும் இல்லாம இருக்குமா?”

ஜொகராவுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாத்தும்மா என்றால் ‘பா’வுக்கு ஒன்று, ‘ம்மா’வுக்கு ஒன்று என்று உதடு இரண்டு தடவை ஒட்டும்.

“அது எப்படிப்பா?” என்றார் ஜொகரா. “விழுந்தவளே எப்படிப் பாத்துன்னு சொல்லுவா? அது பக்கத்துல நிக்கறவங்க சொல்றதில்லையா? அதனாலதான் மெஷின் அதப் பிள்ளை கணக்குல சேக்கல.”

“பக்கத்துல யாரு நிக்கா?” என்றாள் அக்கா.

ஒலித்துண்டு முடிந்துவிட்டது தெரியாமல் ஜொகரா மேடம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. மூன்று நடுவர்கள். நடுவில் அதே மொழிபெயர்ப்பு இயந்திரம். பல் மருத்துவர் ஒருவர் வந்து கோமுவின் வாய்ப்படத்தைக் காட்டி, கசிவு அவளுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். சாட்சிக்கு வந்த என்னிடம் ஒரு தாளைக் காட்டினார்.

“‘கண்டு என்ற சொல்லின் பயனின்மை.’ இதை எழுதியவர் தாங்களா?” என்று கேட்டது இயந்திரம். ‘பார்த்து’ என்பதை அது இலக்கண சுத்தமாகப் புரிந்துகொண்டிருந்தது.

“ஆமா.”

அவர் என் ஆய்வை முழுவதும் வாசித்தார். கேன்டீன் படி, சாம்பார், எல்லாம் நீதிமன்றப் பதிவில் ஏறியது. பிறகு நடுவில் இருந்த நடுவர், ஒரு வெள்ளைமுடிப் பெண்மணி, முன்னால் சாய்ந்தார். “இச்சொல்லால் பயன் ஏதுமில்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட சொல் ஒரு குழந்தைக்கு வீடாக முடியுமா?”

பக்கத்து அறையில் அக்கா நடந்துகொண்டிருக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

“பயனில்ல, மேடம்” என்றேன். “ஆனா எங்க வீட்டுல மட்டும்தான் இவ்வளவு பயனில்லாம சொல்லுவாங்க.”

இயந்திரம் இதை எப்படி மொழிபெயர்த்தது என்று தெரியாது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்தார். தகப்பனும் தமிழர்தான். தமிழர் வீடுகளில் இது சர்வ சாதாரணச் சொல். குழந்தை அதைத் தகப்பனிடம் கற்றிருக்கக் கூடாதா?

அது நியாயமான கேள்வி. ஜொகரா மேடத்தின் முகம் மாறியது. நடுவர் நம்பி அத்தானைக் கேட்டார்: “இச்சொல்லைக் குழந்தை தங்களிடம் கற்றதா?”

ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் என்று உலகத்தில் யாராலும் நிரூபிக்க முடியாது. அவருடைய வக்கீல் ‘ஆமாம்’ என்பதற்குத் தலையைத் தயாராக வைத்திருந்தார். மூன்று வருடத்தில் அத்தானுக்கு முன்பக்கம் வழுக்கையாகியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்கவில்லை, வைத்தார்.

“இல்ல” என்றார். தமிழில் சொன்னார். வாராந்திர அழைப்புகளைப் போலன்றி இங்கே இயந்திரம் இரு பக்கமும் தமிழை ஏற்றது; அவர் குரலை எங்கள் பக்கம் விழுங்கவில்லை. தமிழிலிருந்து தமிழுக்கு அதற்கு வேலை இல்லை. “நான் இந்த ஊரு பாஷையிலதான் அவகிட்ட பேசுவேன். வேணும்னுதான். இது உலகு சொல்லுதது. நா கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்னு போட்டிருக்கீங்கள்ல, அன்னிக்குக்கூட கோமுதான் ஓடிவந்து சொன்னா. அவ அம்மா மாதிரியே. அச்சு அசலா அப்படியே.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வீட்டுக்குள்ள உலகு வந்து நின்ன மாதிரி இருக்கும். எத்தனையோ தடவை திரும்பிப் பாத்திருக்கேன்.”

அவருடைய வக்கீல் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. மதுரை விமான நிலையத்துக்குக் கோமுவை நம்பி அத்தானே கூட்டிக்கொண்டு வந்தார். ஒப்படைத்துவிட்டு, அன்று மாலை விமானத்தில் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. நான் பல நாட்களாக அவருக்காக ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. நடுவே சிரிக்கவும் இடம் விட்டிருந்தேன்.

கோமு கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து வரும்போது அவர் கோட்டைப் பிடித்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்றாள். திரையில் பார்த்ததைவிட அக்கா பெரிதாக இருந்திருக்க வேண்டும். அந்த ஊர் பாஷையில் ஏதோ கேட்டாள். இப்போது இயந்திரம் இல்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘தாயே’ என்றாவது கேட்கும் என்று எதிர்பார்த்தவள் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மெஷின் குரல விட உங்க குரல் வேறயா இருக்குமான்னு கேக்கா” என்றார் நம்பி அத்தான், தரையைப் பார்த்து.

அக்கா மண்டியிட்டாள். தொண்டையைச் செருமினாள். என்ன பேசுவது என்று மூன்று வருடம் யோசித்திருப்பாள். கண்ணில் பட்டதைத்தான் பேசினாள். “பாத்தும்மா. ஷூ கயிறு அவுந்து கெடக்கு.”

கோமு அவள் வாயையே பார்த்தாள். பிறகு ஒரு காலை நீட்டினாள். அக்கா கயிற்றைக் கட்டினாள். இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். ஆனால் கோட்டைப் பிடித்திருந்த கையைக் கோமு விடவில்லை. அதை நம்பி அத்தான்தான் விரல் விரலாக எடுத்துவிட்டார். அப்போது அவள் அழத் தொடங்கினாள். பிறகு கத்தினாள். கத்திய சொல் அந்த ஊர்ச் சொல்தான். எனக்கும் புரிந்தது. தகப்பனைக் கூப்பிடும் சொல் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அக்கா அவளை அணைத்துப் பிடித்திருந்தாள், அவள் உதைப்பதையும் சேர்த்து. எந்த நடுவரும் அங்கே இல்லை. காதுக்குப் பின்னால் பொட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது.

நம்பி அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிப் போகவில்லை. பெட்டி வண்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மகளைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார். கையசைத்தார். சிரிக்க முயன்றார். அவருக்குப் பின்னால் நகரும் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை பளபளத்தது.

நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது.

“பாத்து, அத்தான்” என்றேன்.